பழைய டட்சனுக்கு டர்போ வந்தால் இன்டர்கூலர் எங்கே உட்காரும்?

கோலாலம்பூரை விட்டு, கோம்பாக் டோலைத் தாண்டிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் கெந்திங் செம்பா வரைக்கும் ஏற்றம்தான். போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் என் டட்சன் 120ஒய்யை அந்த ஏற்றத்தில் முதன்முறையாக விரட்டினேன். அப்பா ஓட்டிய காடி அது. பிறவியில் அதற்குள் இருந்தது 1171 சிசி ஏ12 எஞ்சின், 70 குதிரைத்திறனைத் தொடாத சாது. அதை இறக்கிவிட்டு, நிசான் சில்வியாவில் வந்த சிஏ18டிஇடி டர்போ எஞ்சினை ஏற்றியிருந்தோம். 1809 சிசி, 175 குதிரைத்திறன். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரையே மறைக்கிற அகலத்தில் பளபளவென்று ஓர் இன்டர்கூலர், அதாவது டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர வைக்கும் பெட்டி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

பாதி ஏற்றத்தில், மரம் ஏற்றிய லோரி ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது தண்ணீர்ச் சூட்டு முள் எழும்ப ஆரம்பித்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைச் சுற்றிச் சீறல். ஆனால் எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயைப் புறங்கையால் தொட்டால், வெயிலில் நிறுத்திய காடியின் கதவுப்பிடி அளவுக்குத்தான் சூடு. அதாவது, இன்டர்கூலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அப்புறம் ஏன் எஞ்சின் கொதிக்கிறது?

செந்தூலில் எனக்குத் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் ஒருவர் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, அந்தச் சூட்டை நீ எங்க கொண்டுபோய்க் கொட்டுன?"

பழைய காடிக்கு இன்டர்கூலர் பொருத்த நினைக்கும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பது பிறகு. முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடவே பெட்ரோலும் கூட்டலாம். பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். இதுவரை எல்லாம் லாபம்தான். ஆனால் காற்றை அமுக்கினால் அது சுடும். சைக்கிள் டயருக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். டர்போ அதையே நிமிடத்துக்கு லட்சம் சுற்று வேகத்தில் செய்கிறது.

எவ்வளவு சுடும்? கோலாலம்பூர் மதியத்தில் வெளிக்காற்று 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் அழுத்தம், 0.7 பார்; வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதாவது வெளியே இருப்பதைப்போல 1.7 மடங்கு அழுத்தம். ஓரளவு நல்ல டர்போவாக இருந்தாலும் அதிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 105 டிகிரியில் இருக்கும். கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு.

சூடான காற்று விரியும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். ஆகவே அழுத்தம் 1.7 மடங்கு என்று மீட்டர் காட்டினாலும், உண்மையில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை 1.38 மடங்குதான். மிச்சத்தைச் சூடு தின்றுவிடுகிறது. இப்போது நடுவில் ஓர் இன்டர்கூலரை வைத்து, 105 டிகிரியை 55 டிகிரிக்கு இறக்கினால்? இன்டர்கூலரின் நெருக்கமான வழிகளில் நுழைந்து வருவதால் அழுத்தத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. அதையும் கழித்துவிட்டே சொல்கிறேன், எடை 1.52 மடங்கு ஆகிறது. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல் காற்று. பூஸ்ட் மீட்டரில் முள் ஏறவில்லை. ஆனால் எஞ்சின் அதை உணரும்.

சரி, 10 சதவீதத்துக்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் சக்தி இரண்டாம் காரணம்தான். முதல் காரணம், எஞ்சின் உயிரோடு இருக்க வேண்டும். காற்று ஏற்கனவே சூடாக உள்ளே போனால், பிஸ்டன் அதை மேலும் அமுக்கும்போது, தீப்பொறி கிளப்பிய தீ வந்து சேருமுன்னே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். மைலோ டின்னில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வரும். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறியிருக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழும்போது சில நேரம் பிஸ்டனில் வளையங்கள் உட்காரும் விளிம்பு ஏற்கனவே உடைந்திருக்கும். ரோன் 95 பெட்ரோலை ஊற்றிக்கொண்டு சூடான காற்றை ஊட்டினால் இது சீக்கிரம் வரும். ரோன் 97 சற்றுக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். காற்றைக் குளிர வைப்பது, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் காசு கேட்காத காப்பு.

இந்த விஷயத்தைப் பெரிய கம்பெனிகளும் படிப்படியாகத்தான் கற்றுக்கொண்டன. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவில் இன்டர்கூலர் கிடையாது, 3.0 லிட்டர், 260 குதிரைத்திறன். 1978 மாடலில் எஞ்சின் 3.3 லிட்டர் ஆனது, இன்டர்கூலரும் சேர்ந்தது, சக்தி 300-ஐத் தொட்டது. அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பின்புறச் சிறகுக்கு அடியில். எஞ்சின் பின்னால் இருக்கும் காடியில் காற்று வந்து விழுகிற இடம் அதுதான். அழகு பார்த்து வைக்கவில்லை.

நம் காடிக்கு எது ஒத்துவரும்?

பொதுவாக இரண்டு வகை. ஒன்று, காற்றைக் காற்றாலேயே குளிர வைப்பது. மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் டீயைக் காற்றில் நீளமாக இழுத்து, காற்று படும் பரப்பைக் கூட்டுகிறார் அல்லவா, இதுவும் அந்த வித்தைதான். அலுமினியத் தட்டைக் குழாய்களுக்குள் சூடான காற்று. அவற்றுக்கு வெளியே, மெல்லிய மடிப்புத் தகடுகளுக்கிடையே ஓட்டத்தில் வரும் காற்று. இரண்டாவது, தண்ணீரால் குளிர வைப்பது. அதற்குத் தனி பம்ப், தனித் தண்ணீர், மூக்கில் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர். டோயோட்டா செலிகா ஜிடி-ஃபோரின் எஸ்டி165, எஸ்டி205 மாடல்களில் தண்ணீர் வகை இருந்தது. இடையில் வந்த சாதாரண எஸ்டி185-இல் எஞ்சினுக்கு மேலே உட்காரும் காற்று வகை. ஒரே குடும்பத்து எஞ்சின், மூன்று தலைமுறையில் இரண்டு முடிவு. எது உயர்ந்தது என்று ஒரே பதில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தண்ணீர் வகையின் நல்ல குணம், எஞ்சின் பக்கத்தில் சின்னப் பெட்டியாக அடங்கிவிடும். குழாய் நீளமும் குறையும். கெட்ட குணம், பம்ப் நின்றுபோனால் நமக்குத் தெரியாமலே எல்லாம் சூடாகிவிடும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

காற்று வகையில் எஞ்சின் மேலே வைப்பது இன்னொரு வழி. கஞ்சில் என்ற சின்னக் காடிக்கு 660 சிசி டர்போ எஞ்சின் போட்டவர்கள் பானெட்டில் மூக்குத்துளை வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும்போது நன்றாக இருக்கும். ஜாலான் ஈப்போ ஜாமில் இருபது நிமிடம் நின்றால், கீழே இருக்கும் எஞ்சின் அதைத் தோசைக்கல் ஆக்கிவிடும். தவிர, 120ஒய்யின் பானெட்டை வெட்ட எனக்கு மனசு வராது. நல்ல பானெட் கிடைப்பதே இப்போது பெரும்பாடு.

மிச்சம் இருப்பது முன்பக்கமும் பக்கவாட்டும். ஹாஃப்-கட் கடையில், அதாவது பழைய காடிகளைப் பாதியாக வெட்டி விற்கும் கடையில், முன்பாதியாக எஞ்சின் எடுத்திருந்தால், சில்வியாவின் சொந்த இன்டர்கூலர் அதோடு வந்திருக்கும். சின்னதாக, பம்பரின் மூலையில் பக்கவாட்டில் உட்காரும் பெட்டி. பெரும்பாலோர் அதைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டுப் பெரியது தேடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கம்பெனி வைத்த பூஸ்டிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்தச் சின்னப் பெட்டி போதும். ரேடியேட்டரை மறைக்காது என்பது அதன் பெரும் புண்ணியம்.

ஒரு எச்சரிக்கை. பழைய இன்டர்கூலரைப் பொருத்துமுன் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை, கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும். துணியில் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால், அந்த ஹாஃப்-கட்டின் முந்தைய டர்போ உடைந்திருக்கிறது என்று பொருள். எத்தனை முறை கழுவினாலும் மடிப்புக்குள் ஒட்டியது ஒருநாள் கழன்று எஞ்சினுக்குள் போகும். தூக்கிப் போடுங்கள்.

புதிது வாங்குகிறவர்கள் கனத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் இருந்து வரும் காற்று முதல் இரண்டு விரல்கடையில் சூட்டை வாங்கிக்கொண்டு, மீதித் தூரத்தைச் சூடாகவே கடக்கிறது. ஆகவே கனத்தை இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிக்காது. பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றுதான் குறையும். அகலமும் உயரமும்தான் காசுக்குப் பலன் தரும். கட்டுமானத்திலும் இரண்டு ரகம் உண்டு. பட்டைக்கம்பியும் தகடும் அடுக்கிச் செய்தது கனமானது, முரட்டுத்தனமானது, திடீர்ச் சூட்டை உள்வாங்கும், ஆனால் காற்றை மறிக்கும். குழாயும் மடிப்பும் வைத்தது இலேசானது, காற்றை ஊடே விடும். ஜாமில் ஊர்கிற நம்மூர் காடிக்கு இரண்டாவதே சரி என்பது என் கட்சி.

வாங்குவதற்கு முன் ஒரு மைலோ அட்டைப்பெட்டியை இன்டர்கூலரின் அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். இரண்டு பக்கத்து வாய்க்குழாய்களுக்கும் கழிவறைத் தாள் சுருளின் அட்டை உருளையைச் செருகுங்கள். அதை மூக்கில் வைத்து, கிரில்லை மாட்டி, பானெட்டை மூடிப் பாருங்கள். பானெட் பூட்டு இடிக்கிறதா, ஹாரன் எங்கே போகும், ஏர்கோன் கண்டன்சருக்கு இடம் மிஞ்சுகிறதா, எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் அட்டையில் செய்யாமல் அலுமினியத்திலேயே செய்தேன். அதனால்தான் என் ஹாரன் இன்றைக்கு பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரைக்கும் 2 அங்குலம், அங்கிருந்து எஞ்சின் வரைக்கும் 2.5 அங்குலம் என்பது இந்த அளவு எஞ்சினுக்குத் தாராளம். வளைவுகள் மென்மையாக இருக்க வேண்டும், இணைப்புகள் முடிந்த அளவு குறைவாக. குழாய் நீண்டால் டர்போ தாமதமாகப் பிடிக்குமே என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். 3000 சுற்றில் இந்த எஞ்சின் நொடிக்குச் சுமார் 40 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. நீங்கள் கூட்டிய குழாயும் பெட்டியும் 8 லிட்டர் இருக்குமா? அதை நிரப்ப ஆகும் நேரம் கண்ணிமைப்பு. தாமதம் டர்போவின் சக்கரம் வேகம் பிடிப்பதில்தான் இருக்கிறது.

உண்மையான தலைவலி, குழாய் கழன்றுகொள்வது. எனக்கு ஆர்கன் வெல்டிங் செய்து கொடுத்த ஒரு பட்டறையில் குழாய் முனைகளை மொழுமொழுவென்று விட்டுவிட்டார்கள். சிலிகான் ஹோஸைச் செருகி கிளாம்ப்பை இறுக்கினால் கையால் இழுத்தாலும் வரவில்லை. பிரமாதம் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் முழு பூஸ்டில் 'டப்' என்று ஒரு சத்தம், கரும்புகை, எஞ்சின் திக்கித் திணறி நின்றது. முனையைச் சுற்றி ஒரு மேடு, ஒரு மோதிரம் போல, எழுப்பியிருக்க வேண்டும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறி உட்கார்ந்து, கிளாம்ப் அதற்குப் பின்னால் இறுகினால்தான் அழுத்தத்தில் வழுக்காது. கூடவே, ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் ஆடும். சட்டத்தில் முடுக்கிய இன்டர்கூலர் ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்திலாவது புடைப்பு வைத்த ஹோஸ் போடுங்கள்.

கரும்புகை ஏன்? இந்த எஞ்சினில் ஏர்ஃப்ளோ மீட்டர் டர்போவுக்கு முன்னாலேயே உள்ளே வரும் காற்றை அளந்துவிடுகிறது. அளந்த காற்றுக்குத் தக்கபடி ஈசியு, அதாவது எஞ்சினின் கணினி, பெட்ரோல் ஊற்றுகிறது. நடுவழியில் காற்று வெளியே ஓடிவிட்டால் பெட்ரோல் மட்டும் மிஞ்சும். எக்ஸிலேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்டை 'புஸ்ஸ்' என்று வெளியே ஊதுகிற புளோ-ஆஃப் வால்வைச் சத்தத்துக்காக மாட்டுகிறவர்களுக்கு கியர் மாற்றும்போது எஞ்சின் இடறுவதும் இதே காரணத்தால்தான். ஊதும் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பிவிட்டால் தொல்லை இல்லை. சத்தம் குறையும், பையன்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

கசிவைப் பிடிக்க ஓர் எளிய வழி. டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பதித்து, கம்பிரஷரால் மெதுவாக 0.7 பார் வரை ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவுங்கள். என் காடியில் மூன்று இடத்தில் நுரை பூத்தது. அதில் ஒன்று கண்ணுக்கே தெரியாத வெல்டிங் ஊசித்துளை. அரை மணி நேர வேலை, செலவு சோப்புத்தண்ணீர்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 105 டிகிரிக் காற்றை 55-க்கு இறக்கும்போது, முழு பூஸ்டில் இன்டர்கூலர் வெளியே தள்ளும் சூடு 6 கிலோவாட்டுக்கு மேல். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி மூன்றை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அத்தனையும் நேராகப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரின் முகத்தில் போய் விழுகிறது. போதாததற்கு, என் பெரிய பெட்டி அதற்கு வரவேண்டிய காற்றையும் மறித்துவிட்டது. இதில் காற்றும் சோம்பேறி; நெருக்கமான மடிப்புகளுக்குள் நுழைவதைவிட, பெட்டியைச் சுற்றி இருக்கும் இடைவெளியில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

செய்த மாற்றம் பெரிதில்லை. ரேடியேட்டரின் உயரத்தில் பாதிக்கும் குறைவாக மறைக்கிற, குழாயும் மடிப்பும் வைத்த இன்டர்கூலரைக் கீழ்ப்பகுதியில் இறக்கி வைத்தோம். கிரில்லிலிருந்து ரேடியேட்டர் வரை இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு அடித்து, ஓரங்களை நுரைப்பட்டையால் அடைத்தோம், உள்ளே வந்த காற்று வேறு எங்கும் ஓட முடியாதபடி. ரேடியேட்டருக்குப் பின்னால் முழுக் கூடு வைத்த இரண்டு மின்விசிறி. ஏர் ஃபில்டரை எஞ்சின் பக்கத்துச் சூட்டிலிருந்து ஒரு தகட்டுத் தடுப்பால் பிரித்தோம். உள்ளே போகும்போதே 50 டிகிரியாக இருக்கும் காற்றை அமுக்கிவிட்டு அப்புறம் குளிர வைக்கப் பாடுபடுவதில் அர்த்தம் இல்லை. எல்லா வேலையிலும் மலிவானது இதுதான். நான் கடைசியில் செய்தேன், நீங்கள் முதலில் செய்யுங்கள்.

மழைத்தண்ணீர் இன்டர்கூலரில் பட்டால் ஒன்றும் ஆகாது, இன்னும் நன்றாகக் குளிரும். பயப்பட வேண்டியது ஏர் ஃபில்டருக்கு. அதைப் பம்பருக்குக் கீழே தொங்கவிட்டு, சாயங்கால மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்கினால், எஞ்சின் தண்ணீரைக் குடித்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும், காடியின் பதிவுச் சான்றான கிரானில் எஞ்சின் எண் மாற வேண்டும். சிசி கூடுவதால் ரோட் டெக்ஸும் கூடும். எஞ்சின் வாங்கும்போதே அதன் இறக்குமதிக் காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; ஆறு மாதம் கழித்துக் கடைக்குப் போனால் முதலாளித் தவ்கே உங்கள் முகத்தையே மறந்திருப்பார். பிரேக்கையும் எஞ்சினுக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள், அது தனிக் கட்டுரை.

இன்டர்கூலர் வேலை செய்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சூட்டுமானி வையுங்கள். ஓட்டத்தில், பின்னால் இருக்கும் எண் வெளிக்காற்றைவிட 20 டிகிரியை ஒட்டி நின்றால் நல்ல பொருத்தம். முன்னும் பின்னும் பூஸ்ட் வித்தியாசம் 0.1 பாருக்கு மேல் போனால் உள்வழி நெருக்கம் என்று பொருள்.

போன மாதம் மறுபடியும் காராக் ஏறினோம். வெளியே 32, இன்டர்கூலருக்குப் பின்னால் 54, தண்ணீர் முள் நடுவிலேயே நின்றது. வீட்டுக்காரி ஏர்கோனை நிறுத்தச் சொல்லவில்லை. போன தடவை பாதி ஏற்றத்தில் ஒரு மணி நேரம் விசிறிக்கொண்டு நின்றதை மட்டும் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். பெந்தோங் வரைக்கும் இறங்கி, இஞ்சி இரண்டு கிலோ வாங்கி காடியின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.